குண்டை விடுங்கள், உறையைப் பாருங்கள்: 6.8 மி.மீ. தோட்டாவும் பித்தளையின் எதிர்காலமும் (விவாத இழை)

#1 குழல்நோக்கி

அமெரிக்க ராணுவத்தின் புதிய எம்7 துப்பாக்கியைப் பற்றித் தமிழில் வருகிற காணொளிகள் எல்லாமே "6.8 மி.மீ. குண்டு, கவச உடையைத் துளைக்கும்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. குண்டின் விட்டத்தில் புதிதாக ஒன்றுமில்லை. 7 மி.மீ. அளவில் ஒரு தோட்டாவை அமெரிக்காவில் ஆயுத வடிவமைப்பாளர் பெடர்சன் 1920களிலேயே உருவாக்கிவிட்டார். கையிருப்பில் அப்போதைய ராணுவத் தோட்டாவான .30-06 மலைபோலக் கிடக்கிறது என்று 1932ல் ராணுவத் தலைமைத் தளபதி மக்ஆர்தர் அதை நிராகரித்தார். 1951ல் பிரிட்டன் தன் .280 தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, சர்ச்சில் மறுபடி பிரதமரானதும் கைவிட்டது. அதே ஆசை இப்போது மூன்றாவது முறையாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதுமை இருக்கிற இடம் உறை, அதாவது குண்டையும் வெடிமருந்தையும் சேர்த்துப் பிடிக்கிற கூடு. 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட 6.8×51 தோட்டாவின் உறை ஒரே உலோகத்தால் ஆனதல்ல. உடல் பித்தளை. அடிப்பாகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டையும் உள்ளிருந்து பூட்டிப் பிடிக்க ஒரு வளையம். எதற்கு இவ்வளவு சிரமம்? அழுத்தத்துக்காக. 5.56 நேட்டோ தோட்டா சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 62,000 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்கிறது. புதிய தோட்டாவின் வணிக வடிவமான .277 ஃப்யூரிக்கு உச்ச வரம்பு 80,000. ஒன்பது கிராம் குண்டை 16 அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு 914 மீட்டர் வேகத்தில் அனுப்புவதாக நிறுவனம் சொல்கிறது. கணக்குப் போட்டால் 3,800 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய 7.62 நேட்டோ தோட்டா, இதைவிட நீளமான குழலில், 3,300 ஜூலுக்குச் சற்று மேல்.

பித்தளை உறை ஒன்றரை நூற்றாண்டாக அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. அதை இப்போது அமெரிக்க ராணுவம் பாதி நகர்த்தியிருக்கிறது. இந்த இழையில் அதைப் பற்றிப் பேசுவோம்.

#2 மலைக்கோட்டை_மணி

ஒரு அடிப்படைக் கேள்வி. வேகம் வேண்டும் என்றால் குழலை நீட்டினால் போதுமே? பழைய துப்பாக்கிகள் எல்லாம் 20, 22 அங்குலக் குழலோடுதானே இருந்தன. அழுத்தத்தை ஏற்றி, அதற்காக உறையை மாற்றி, சுற்றி வளைப்பானேன்?

#3 குழல்நோக்கி

மணி, எம்7-இல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சத்தம் குறைக்கும் சப்ரசர் உண்டு. அது குழலின் முனையில் மாட்டி இன்னும் நீளமாக்கும். கவச வண்டிக்குள் ஏறி இறங்குகிற சிப்பாய்க்கு நீளம் பெரிய தொல்லை. அதனால் குழலை 13 அங்குலத்தில் நிறுத்தினார்கள். குழலில் இழந்த வேகத்தை அழுத்தத்தில்தான் மீட்க முடியும். அழுத்தம் ஏறினால் பித்தளை தாங்காது. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்த முடிவு இது.

#4 உலோகத்தோழி

பித்தளை ஏன் தாங்காது என்பதைச் சொல்லலாமா? நான் படித்தது உலோகவியல், எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

சுடும்போது உறையின் சுவர் தனியாக அழுத்தத்தைத் தாங்குவதில்லை. அது வெளிப்பக்கம் விரிந்து சேம்பர் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. தாங்குவது துப்பாக்கியின் எஃகு. உறையின் வேலை, வாயு பின்னால் கசிந்து சுடுபவரின் முகத்துக்கு வராமல் அடைப்பது. அழுத்தம் இறங்கியதும் அது மயிரிழை அளவு சுருங்கிச் சேம்பரை விட்டு விலக வேண்டும். விலகவில்லை என்றால் உறையைப் பிடித்து வெளியே எடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் இழுக்கும், உறை வராது, துப்பாக்கி அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சுருக்கம் எவ்வளவு என்பதை ஓர் எளிய வகுத்தல் சொல்லிவிடும்: உலோகத்தின் நெகிழ்வு வலிமையை (நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும் அளவு) அதன் மீட்சிக் குணகத்தால் (விறைப்பு) வகுக்க வேண்டும். பித்தளையின் குணகம் சுமார் 110 ஜிகாபாஸ்கல், எஃகுக்கு சுமார் 200. ஆக, ஒரே வலிமை கொண்ட பித்தளையும் எஃகும் இருந்தால் பித்தளை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மீண்டு சுருங்கும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்ற கலவை இத்தனை காலம் நிலைத்து நிற்க இது முக்கியமான காரணம். சோவியத் ஒன்றியம் செம்பை மிச்சப்படுத்த எஃகு உறைக்குப் போனபோது இந்தச் சிக்கலை வடிவத்தால் சமாளித்தது. 7.62×39 உறையைப் பாருங்கள், நல்ல கூம்பாக இருக்கும். கூம்பு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே சுவரிலிருந்து விடுபட்டுவிடும். ஏகே-47 மேகசின் அவ்வளவு வளைந்திருப்பதற்கும் அந்தக் கூம்புதான் காரணம். கூம்புகளை அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும்.

இப்போது 80,000-க்கு வருவோம். உறையின் உடலுக்குச் சேம்பர் துணை இருக்கிறது. அடிப்பாகத்துக்கு இல்லை. எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கிற பள்ளம், வெடிமருந்துக்குத் தீமூட்டும் பிரைமர் உட்காரும் குழி இரண்டும் அங்கேதான். அழுத்தம் 62,000-ஐ வெகுவாகத் தாண்டினால் அந்த இடத்தில் பித்தளை நிரந்தரமாக விரியத் தொடங்கும். குழி தளர்ந்து பிரைமர் கழன்று விழும். அதற்கு மேலும் போனால் அடிப்பாகமே கிழியும். ஆகவே துணையில்லாத இடத்தில் எஃகு, அடைத்துச் சுருங்க வேண்டிய இடத்தில் பித்தளை. தேவைக்கேற்ப உலோகத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

சொல்லப்போனால் முழுப் பித்தளை உறையிலும் இந்தப் பிரிவு உண்டு. அடிப்பாகம் கடினமாக, வாய்ப்பகுதி மென்மையாக இருக்கும்படி வெப்பத்தால் பதப்படுத்துவார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியும், அந்தச் சூட்டின் அடையாளம் அது.

#5 சுபேதார்_ஓய்வு

உலோகத்தோழி அம்மா, தெளிவாகச் சொன்னீர்கள். படித்தவர்கள் இப்படி விளக்கினால் எங்களைப் போன்றவர்களுக்கும் புரியும்.

நான் சுமந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்கச் சிப்பாய் 5.56 தோட்டா போடும் பழைய எம்4 துப்பாக்கிக்கு ஏழு மேகசின், 210 ரவுண்டு கொண்டு போனான். எம்7-க்கும் ஏழு மேகசின்தான், ஆனால் மேகசினுக்கு 20, ஆக 140. துப்பாக்கியோ சப்ரசர் இல்லாமல் 3.8 கிலோ, மாட்டினால் ஏறக்குறைய நாலரை. எம்4 மூன்று கிலோவை ஒட்டி வரும். எடை கூடி, ரவுண்டு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலையில் ஏறுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தொலைவில் எதிரி தெரிகிறான், குறி பார்த்து ஒன்று விடு என்பது படத்தில் நடக்கும். நிஜத்தில் பாதி நேரம் எதிரி தெரியவே மாட்டான். சத்தம் வருகிற பக்கம் சுட்டு அவன் தலையைத் தூக்கவிடாமல் வைத்திருப்போம், அதற்குள் நம் ஆட்கள் பக்கவாட்டில் நகர்வார்கள். அதற்கு வேண்டியது எண்ணிக்கை. 70 ரவுண்டு குறைவு என்றால், நகர்கிறவனுக்குக் கிடைக்கிற நேரம் குறைவு.

#6 குழல்நோக்கி

சுபேதார் ஐயா, நீங்கள் சொல்கிற எடை மிக உண்மையானது. ஆனால் அவர்கள் ஏன் இந்த வழிக்கு வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் அப்போதைய அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி மார்க் மில்லி செனட் குழு முன்னால் வெளிப்படையாகச் சொன்னார்: சில புதிய கவச உடைகளை 5.56 குண்டு துளைக்கவில்லை. அவசரமாக 7.62 துப்பாக்கி வாங்க அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு திட்டம் போட்டு, சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். அதன்பிறகுதான் 6.8 முழுமூச்சாக வந்தது. எத்தனை ரவுண்டு இருந்தாலும் துளைக்காத ரவுண்டால் என்ன பயன்?

#7 வடதிசை

குழல்நோக்கி, உங்களோடு உடன்படவில்லை. கவசம் என்பது மார்பிலும் முதுகிலும் இரண்டு தட்டு. மற்ற உடம்பு திறந்துதான் இருக்கிறது. அந்த இரண்டு தட்டுக்காக எல்லாச் சிப்பாயும் எப்போதும் எடை சுமக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

இன்னொரு காரணமாகச் சொல்லப்படுவது ஆப்கானிஸ்தான். மலை உச்சியிலிருந்து எதிரிகள் பிகேஎம் இயந்திரத் துப்பாக்கியால் சுடுவார்கள், எம்4-க்கு எட்டாது. சரி. ஆனால் பிகேஎம்-இல் போடுவது 1891-இல் பிறந்த 7.62×54ஆர் தோட்டா. அந்தக் காலத் தோட்டாவுக்குப் பதில் சொல்ல ஒரு இயந்திரத் துப்பாக்கியும் மோர்ட்டாரும் போதும், எல்லோர் கையிலும் கனமான ரைஃபிள் எதற்கு? 2025ல் ஒரு அமெரிக்க ராணுவ கேப்டன் தன் ஆய்வில் இதைத்தான் கேட்டார்: எடை, மேகசின் அளவு, குழல் தேய்மானம் ஆகியவற்றைக் காட்டி, இந்தத் துப்பாக்கி தற்காலப் போருக்குப் பொருந்தாது என்றார். நிறுவனம் மறுத்தது. அதற்குப் பிறகு எடை குறைத்த வடிவத்தையும் அதே நிறுவனம் காட்டியிருக்கிறது. எடை குறித்த புகாரில் விஷயம் இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

#8 கோவை_லேத்

எடைதான் பிரச்சினை என்றால், சிக் சாவர் வென்ற அந்த ராணுவப் போட்டியில் தோற்ற இரண்டு தோட்டாக்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எனக்கு அவைதான் அதிக ஆர்வம் தருகின்றன.

ஒன்று ட்ரூ வெலாசிட்டி நிறுவனத்துடையது. டெக்சாஸ்காரர்கள். உறையின் உடல் பாலிமர், அடிப்பாகம் எஃகு. பித்தளைத் தோட்டாவைவிட 30 சதவீதம் வரை எடை குறைவு என்றார்கள். இன்னொன்று டெக்ஸ்ட்ரான் கொண்டுவந்தது. அதில் குண்டு வெளியே துருத்திக்கொண்டே இருக்காது. பாலிமர் குழாய்க்குள் குண்டு முழுவதும் புதைந்திருக்கும், சுற்றிலும் வெடிமருந்து, முன்பக்கம் ஒரு மூடி. பார்க்க ஒரு உருளைத் துண்டு, அவ்வளவுதான். 2004ல் தொடங்கிய எல்சாட் என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த வடிவம் இது.

இயந்திரக்காரன் கண்ணால் பார்த்தால் உருளை வடிவம் அருமையானது. சாதாரணத் தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளி, சாய்வாக ஏற்றி, சேம்பருக்குள் நுழைத்து, அப்புறம் பின்பக்கமாகவே இழுத்து வெளியே எறிய வேண்டும். எல்சாட் இயந்திரத் துப்பாக்கியில் சேம்பர் குழலோடு ஒட்டியதே இல்லை. அது தனியாக நகரும். குழலுக்கு வெளியே வந்து புதுத் தோட்டாவை வாங்கும். அந்தத் தோட்டா உள்ளே வரும்போதே பழைய உறையை முன்பக்கமாகத் தள்ளிவிடும். எக்ஸ்ட்ராக்டரே தேவையில்லை. உறை கிழிந்து மாட்டிக்கொள்கிற பழைய தொல்லை பெரும்பாலும் போய்விடும். ஆனால் நகரும் சேம்பருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்குமே, அதை ஒவ்வொரு முறையும் வாயு கசியாமல் அடைக்க வேண்டும். கஷ்டம் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

#9 மலைக்கோட்டை_மணி

உறையே இல்லாமல் செய்துவிட்டால்? ஜெர்மானியர்கள் செய்தார்களே.

#10 குழல்நோக்கி

செய்தார்கள், மணி. ஹெக்லர் அண்ட் கோக் ஜி11. 4.73 மி.மீ. குண்டு, வெடிமருந்தையே கட்டியாக அச்சிட்டு அதற்குள் குண்டைப் பதித்தார்கள். சுட்டபின் மிச்சம் எதுவும் வெளியே வராது. டைனமிட் நோபல் நிறுவனம் தோட்டாவைச் செய்தது. மூன்று குண்டுத் தொகுதியாகச் சுடும்போது நிமிடத்துக்கு 2,000-க்கு மேற்பட்ட வேகம்.

முதலில் அதைத் திணற அடித்தது வெப்பம். உலோக உறை ஒவ்வொரு முறை வெளியே பறக்கும்போதும் சூட்டின் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. உறை இல்லை என்றால் அத்தனை சூடும் சேம்பரில் தங்கிவிடும். அதற்குள் வைத்த அடுத்த தோட்டா விசையை இழுக்காமலே வெடிக்கும். உயர்ந்த வெப்பத்தில்தான் தீப்பிடிக்கும் வேறு வெடிமருந்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதைப் பெருமளவுக்குச் சரிசெய்தார்கள். அதற்குள் ஜெர்மனி ஒன்றிணைந்தது, பணமும் தேவையும் மாறின, திட்டம் நின்றது. அமெரிக்கா 1990 வரை நடத்திய சோதனையிலும் ஜி11 கலந்துகொண்டது. அதில் போட்டியிட்ட எந்தத் துப்பாக்கியும் எம்16-ஐ எதிர்பார்த்த அளவுக்கு மிஞ்சவில்லை.

#11 சுபேதார்_ஓய்வு

பாலிமர் உறை பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கார்கில் போரின்போது இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின் குளிரில் விரிசல் விட்டதாகப் பத்திரிகைகளில் பரவலாக எழுதினார்கள். மேகசின் விரிசல் விட்டால் மாற்றிக்கொள்ளலாம். உறையே விரிசல் விட்டால்? ராஜஸ்தானில் மே மாதம் பெட்டிக்குள் இருக்கும் சூடும், சியாச்சினில் ஜனவரி இரவும் ஒரே பொருள் தாங்க வேண்டும். தோட்டா கிடங்கில் பல வருஷம் கிடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

#12 உலோகத்தோழி

ஐயா, நியாயமான கவலை. எல்லா பாலிமரும் ஒன்றல்ல, மேகசின் வேறு, உறை வேறு. ஆனால் சோதனை இல்லாமல் யாரும் நம்பக் கூடாது என்பதில் உங்களோடு இருக்கிறேன். அமெரிக்க மரீன் படை .50 கனரக இயந்திரத் துப்பாக்கிக்குப் பாலிமர் உறைத் தோட்டாவை வாங்கிப் பார்க்கிறது. அங்கே ஒரு பெட்டியின் எடையே பெரியது, அதனால் லாபமும் பெரியது. பாலிமர் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சேம்பர் அவ்வளவு சூடாவதில்லை. ஜி11-ஐத் திணற அடித்த அதே வெப்பம் இங்கே குழலை நோக்கிப் போய்விடுகிறது.

கிடங்கில் கிடப்பது பற்றிச் சொன்னீர்கள். பித்தளையும் இதில் எப்போதும் நல்ல பிள்ளையாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களுக்குள் வைத்திருப்பார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் கீறல் விட்டிருக்கும். யாரும் சுடவில்லை, யாரும் தட்டவில்லை. தகட்டை அச்சில் இழுத்து உறையாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து அந்த இறுக்கம் உள்ள இடமாகப் பார்த்துப் பிளந்தது. 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தைத் தெளிவாக விளக்கினார்கள். செய்து முடித்த உறையை மிதமான சூட்டில் வைத்து இறுக்கத்தைத் தளர்த்தினால் கீறல் வராது. இன்று எல்லா உலோகவியல் வகுப்பிலும் இது பாடம்.

கலப்பு உறையில் எஃகும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ஈரம் புகுந்தால் இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு வர வாய்ப்புண்டு. அதனால் அந்த இணைப்பு எவ்வளவு இறுக்கமாக மூடப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

#13 குன்னூர்_காற்று

உறையைப் பற்றியே பேசுகிறோம், உள்ளே போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக வெடிமருந்து செய்கிறார்கள். இப்போது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை அந்தச் சங்கு ஒலியைக் கேட்டு வளர்ந்தது, அதனால் இந்தப் பேச்சு மனதுக்கு நெருக்கம்.

உச்ச அழுத்தத்தை உயர்த்துவது மட்டும் வேகத்தைத் தராது. குண்டு குழலுக்குள் ஓடும் ஒரு மில்லி விநாடிக்குள் அழுத்தம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதுதான் வேகத்தை முடிவு செய்யும். தூளின் வடிவம், மேல்பூச்சு, அடர்த்தி எல்லாம் அதற்காகத்தான். வெயிலில் கிடந்த தோட்டாவில் தூள் வேகமாக எரியும், அழுத்தம் கூடும். 62,000-இல் வேலை செய்கிற தோட்டாவுக்கு அந்தக் கூடுதலைச் சமாளிக்கக் கொஞ்சம் இடம் இருக்கும். 80,000-ஐ ஒட்டி வேலை செய்கிற தோட்டாவில் வெப்பநிலைக்கு அதிகம் அசையாத தூள் இல்லாமல் தலையெடுக்க முடியாது. உறையைப் போலவே தூளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

#14 நெறியாளர்

நல்ல விவாதம். எந்த நாட்டின் துப்பாக்கி சிறந்தது என்று வந்த நான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே உறையும் தோட்டாவும் மட்டும்.

#15 வடதிசை

நெறியாளருக்கு நன்றி. குன்னூர்_காற்று இந்தியாவைத் தொட்டதால் கேட்கிறேன்: இந்த வழியில் இந்தியா போக வேண்டுமா? என் பதில், இப்போதைக்கு வேண்டாம்.

நம் காலாட்படை கையில் இருப்பதைப் பாருங்கள். இன்சாஸுக்கு 5.56. சிக்716-க்கும் நெகேவ் இயந்திரத் துப்பாக்கிக்கும் 7.62×51, அதாவது 7.62 நேட்டோ. அமேதி மாவட்டம் கோர்வாவில் செய்யும் ஏகே-203-க்கு 7.62×39, அதில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் ஒப்பந்தம். பிகேஎம், டிராகுனோவ் வகைக்கு 7.62×54ஆர். அப்புறம் 9 மி.மீ. ஒரே ராணுவத்தில் இத்தனை அளவு. திருச்சி ஆலையும் 7.62×39-இல் துப்பாக்கி செய்கிறது. இதற்கு மேல் மூன்று பாக உறையோடு இன்னொன்றைச் சேர்த்தால் கிடங்குக்காரர் பாடு என்ன ஆகும்? 2019-இல் சிக்716-ஐ 72,400 வாங்கியபோதே, எல்லையில் நிற்பவருக்கு நல்ல தாக்குதிறன் உள்ள தோட்டா கொடுத்தாகிவிட்டது. அந்த 7.62×51-க்கே நல்ல எஃகு முனைக் குண்டும், ஒவ்வொரு தொகுதியிலும் மாறாத தரமும் கொடுத்தால் போதும். நம் உழைப்பு அங்கே போக வேண்டும்.

#16 குழல்நோக்கி

தரம் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அமெரிக்காவே 2010-இல் 5.56-க்குள் இதைத்தான் செய்தது. எம்855ஏ1 குண்டில் ஈயத்தை எடுத்துவிட்டு எஃகு முனையும் செம்புத் தண்டும் வைத்தார்கள். உறை அதே பித்தளை. மெல்லிய எஃகிலும் கான்கிரீட் கல்லிலும் பழையதைவிடத் தெளிவாக மேம்பட்டது.

ஆனால் ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னால் ஏற்க மாட்டேன். கலப்பு உறையின் தொழில்நுட்பம் 6.8-க்கு மட்டும் சொந்தமில்லை. அதை 7.62×51-இலேயே செய்து, அழுத்தத்தை ஏற்றாமல் எடையை மட்டும் குறைக்கலாம். சுபேதார் ஐயா கேட்ட 70 ரவுண்டு அந்த வழியாகவும் திரும்பி வரலாம். நம் ஆலைகளிலும் ஐஐடிகளிலும் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். வேலையைக் கொடுக்க வேண்டும்.

#17 கோவை_லேத்

ஆலைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பித்தளை உறை மலிவாக இருப்பதற்குக் காரணம் பித்தளை மலிவு என்பதல்ல, பித்தளை விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு வட்டத் துண்டை வெட்டி, குவளையாக்கி, அச்சில் இழுத்து இழுத்து நீட்டி, அடிப்பாகத்தை அடித்து உருவாக்கி, கழுத்தைக் குறுக்குகிற வரிசை ஒரே ஓட்டமாக ஓடும். இரண்டாம் உலகப்போருக்காக 1941ல் தொடங்கிய மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ஆலை இன்றும் அமெரிக்க ராணுவத்தின் ரைஃபிள் தோட்டாவுக்கு முதுகெலும்பு. அங்கே எல்லாமே அந்த வரிசைக்காக அமைந்தது.

கலப்பு உறைக்கு அந்த ஓட்டம் உடைகிறது. எஃகு அடிப்பாகத்தைத் தனியாகச் செய்ய வேண்டும், பித்தளை உடலைத் தனியாக, வளையத்தைத் தனியாக, பிறகு மூன்றையும் கோத்துப் பூட்டி, பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் செய்யும்போது இந்தக் கடைசிப் பார்வையில்தான் செலவும் ஆபத்தும் இருக்கிறது. 6.8-க்காக லேக் சிட்டியில் புதுக் கட்டடத்துக்கே 2025-இல் அடிக்கல் போட்டார்கள். பழைய வரிசையில் ஒரு அச்சை மாற்றிச் செய்கிற காரியமாக இருந்தால் கட்டடம் எதற்கு?

பயிற்சியையும் யோசியுங்கள். முழு அழுத்தத் தோட்டாவைத் தினமும் சுட்டால் குழலின் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரிந்துபோகும், செலவும் கட்டுப்படியாகாது. வணிகச் சந்தையில் இதே அளவில் குறைந்த அழுத்தத்தில் முழுப் பித்தளைத் தோட்டாவும் விற்கிறார்கள். ராணுவமும் பயிற்சிக்கு மென்மையான தோட்டாவைத்தான் நாடும்.

#18 சுபேதார்_ஓய்வு

இதில்தான் எனக்கு உண்மையான பயம். ஒரு ரவுண்டில் பழகி வேறு ரவுண்டில் சண்டை போடக் கூடாது. உதைப்பு வேறு, சத்தம் வேறு, தோட்டா போய் விழும் இடம் வேறு. பையன் ஃபயரிங் ரேஞ்சில் மெதுவான ரவுண்டுக்குத் தோளைப் பழக்கியிருப்பான். சண்டையில் முதல் ரவுண்டு அவன் தோளை உதைக்கும்போது இரண்டாவது ரவுண்டின் குறி போயிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

ரேஞ்சில் சுட்டு முடித்ததும் காலி கோக்கா (சுட்டபின் விழும் உறை) பொறுக்கி எண்ணிக்கை சரிபார்த்து ஒப்படைப்போம். அந்தக் காலிப் பித்தளை உருக்குவதற்குத் திரும்பப் போகும். எஃகும் பித்தளையும் பூட்டிய கோக்காவைப் பிரிக்காமல் உருக்க முடியாது. அதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#19 குழல்நோக்கி

ஐயா, தோட்டா விழும் இடம் பற்றி ஒரு தகவல். எம்7-இன் மேல் பொருத்தும் எக்ஸ்எம்157 குறிநோக்கியை வோர்டெக்ஸ் செய்கிறது. அதற்குள் லேசர் தொலைவுமானியும் கணிப்பானும் இருக்கின்றன. எந்தத் தோட்டா என்று சொன்னால் அதற்கேற்பக் குறியை மாற்றிக் காட்டும். உதைப்புக்கு அதனிடம் மருந்தில்லை, அதில் நீங்கள் சொன்னது சரி.

#20 மலைக்கோட்டை_மணி

நிறையக் கற்றுக்கொண்டேன், எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். 6.8×51 உறையின் அடிவிட்டமும் நீளமும் பழைய 7.62×51-ஐப் போலவே இருக்கிறது. அப்படியானால் பழைய 7.62 துப்பாக்கிகளில் குழலை மட்டும் மாற்றி இதைச் சுட முடியுமா?

#21 உலோகத்தோழி

அளவு பொருந்தும், மணி. குடும்பமே ஒன்றுதான். மேகசின், போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) முகம், எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் அதே விட்டத்துக்குச் செய்தவை. ஆனால் போல்ட்டின் மீது விழும் தள்ளுவிசை, அழுத்தத்தை உறையின் அடிப்பரப்பால் பெருக்கினால் வருவது. பரப்பு மாறவில்லை, அழுத்தம் 62,000-லிருந்து 80,000 ஆனது. ஆகத் தள்ளுவிசை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடும். பழைய துப்பாக்கியின் போல்ட் பற்கள் அந்த 30 சதவீதத்துக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. முதல் ரவுண்டில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். உலோகச் சோர்வு மெல்ல மெல்லச் சேர்ந்து, என்றோ ஒரு நாள் ஒரு பல் உடையும்.

குறைந்த அழுத்தத்தில் நிரப்பிய 6.8 தோட்டா என்றால் குழல் மாற்றம் மட்டும் போதும். முழு அழுத்தத்துக்கு போல்ட், போல்ட் பூட்டும் பகுதி, வாயு அளவு மூன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதைச் செய்து முடித்தால் கையில் இருப்பது ஏறக்குறைய புதுத் துப்பாக்கி. கோவை_லேத் அண்ணா, போல்ட் பற்களுக்கு எந்த எஃகு, எப்படிப் பதப்படுத்துவது என்று தனி இழை தொடங்கினால் நான் கணக்கோடு வருகிறேன்.